தோல் நிற மரபணுக்களுக்கு ஓர் இணையப் பட்டியல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

மனிதத் தோலின் நிறத்தோடு தொடர்புடைய மரபணுக்களைத் தொகுத்து, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். பிளஸ் டூ அளவில் உயிரியல் தெரிந்து, ஓர் அட்டவணையைப் பொறுமையாக நிரப்பும் பழக்கமும் இருந்தால் போதும். மற்றதை வேலையே கற்றுக்கொடுக்கும்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். “இந்த மரபணு தோல் நிறத்தைப் பாதிக்கிறது” என்பது யாரோ ஒருவர் எங்கோ செய்த ஆய்வின் முடிவு. எந்த மக்களிடம் பார்த்தார்கள், எத்தனை பேரிடம், நிறத்தை எதைக் கொண்டு அளந்தார்கள் என்ற விவரங்கள் இல்லாமல் அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துப் போட்டால், படிப்பவருக்கு அதைச் சோதித்துப் பார்க்க வழியே இருக்காது. ஆகவே உங்கள் பட்டியலின் அலகு மரபணுவின் பெயராக இருக்கக் கூடாது. சான்றோடு கூடிய ஒரு கூற்றாக இருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருபவை.

எழுத்து பற்றி ஒரு சிறு குறிப்பு. இங்கே மரபணுக் குறியீடுகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் அட்டவணையில் அவற்றை ரோமன் எழுத்திலேயே இடுங்கள். மனித மரபணு என்றால் எல்லாம் பெரிய எழுத்து. எலியின் மரபணு என்றால் முதல் எழுத்து மட்டும் பெரியது. வரிக்குதிரை மீன் என்றால் எல்லாமே சிறிய எழுத்து. இந்த வழக்கத்தைக் காப்பாற்றினால், குறியீட்டைப் பார்த்தவுடனேயே எந்த உயிரியைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துவிடும்.

முதல் படி: எல்லையை வரையுங்கள்

தோலுக்கு நிறம் தருவது முக்கியமாக மெலனின். அதைச் செய்யும் செல்கள் மெலனோசைட்டுகள். செல்லுக்குள் அது உருவாகிச் சேரும் சிறு பைகள் மெலனோசோம்கள். கறுத்த தோல் உள்ளவருக்கும் வெளிர்ந்த தோல் உள்ளவருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். மெலனினின் அளவு, வகை, மெலனோசோம்களின் பருமன், அவை மேல்தோல் செல்களில் பரவும் விதம் ஆகியவற்றில்தான் வேறுபாடு. எனவே மெலனினைச் செய்யும் நொதி, மெலனோசோமின் அமிலத்தன்மையைப் பார்த்துக்கொள்ளும் புரதம், செல்லுக்குச் சைகை தரும் ஏற்பி, கருவில் இந்தச் செல்களை உருவாக்கும் கட்டுப்பாட்டு மரபணு என்று பல வகைகள் இதில் வந்து சேரும்.

எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் மூழ்கிவிடுவீர்கள். 2019-இல் அமெரிக்கத் தேசிய மனித மரபணுத்தொகை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று மனிதன், எலி, வரிக்குதிரை மீன் மூன்றிலுமாக 650 நிறமி மரபணுக்களைத் தொகுத்து வெளியிட்டது. 2023-இல் மனித நிறமிச் செல்களில் கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்த ஆய்வு, மெலனின் அளவைப் பாதிக்கும் 169 மரபணுக்களைக் கண்டது. அவற்றில் 135 அதுவரை நிறத்தோடு தொடர்புபடுத்தப்படாதவை. தனியாளாக முதல் மாதத்தில் இதையெல்லாம் தூக்கிச் சுமக்க முடியாது.

நான் பரிந்துரைப்பது பன்னிரண்டு மரபணுக்கள்: டிஒய்ஆர், டிஒய்ஆர்பி1, டிசிடி, ஓசிஏ2, ஹெர்க்2, எஸ்எல்சி45ஏ2, எஸ்எல்சி24ஏ5, எம்சி1ஆர், ஏஎஸ்ஐபி, கிட்லிக், ஐஆர்எஃப்4, எம்எஃப்எஸ்டி12. இந்தப் பன்னிரண்டையும் ஒழுங்காக நிரப்பினால், பின்னால் வரப்போகும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றை இங்கேயே சந்தித்துவிடுவீர்கள்.

முடியும் கண்ணும் உள்ளே வருமா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். சாலமன் தீவுகளில் கறுத்த தோலும் பொன்னிற முடியும் ஒருங்கே கொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்த முடிக்குக் காரணம் டிஒய்ஆர்பி1 மரபணுவில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதுதான் என்று 2012-இல் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரின் பொன்னிற முடிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்த மரபணுவைப் பட்டியலில் சேர்க்கும்போது “நிறம்” என்று பொதுவாக எழுதிவிட்டால், முடியைப் பற்றிய சான்று தோலைப் பற்றியதாக வேஷம் போட்டுக்கொள்ளும். முடி, கண், தோல், நோய் என்று நான்கையும் அனுமதியுங்கள். ஆனால் ஒவ்வொரு வரியிலும் எது என்று குறிப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

இரண்டாம் படி: மூன்று அட்டவணைகள்

எல்லோரும் முதலில் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒரே நீண்ட அட்டவணையில் போடுவது. ஒரு மரபணுவில் பல மாறுபாடுகள், அதாவது ஆளுக்கு ஆள் டிஎன்ஏ எழுத்து வேறுபடும் இடங்கள், உண்டு. ஒரு மாறுபாட்டுக்குப் பல ஆய்வுகள் உண்டு. ஒரே அட்டவணையில் போட்டால் மரபணுவின் பெயரை முப்பது முறை எழுத வேண்டியிருக்கும். முப்பதில் இரண்டில் எழுத்துப்பிழை வந்தே தீரும்.

முதல் அட்டவணை மரபணுக்களுக்கு. மரபணுப் பெயரிடும் குழுவான எச்ஜிஎன்சி ஏற்ற குறியீடு, அந்தக் குழு தந்த எண், அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் மையமான என்சிபிஐ தந்த எண், குரோமோசோம், டிஎன்ஏவின் இரு இழைகளில் (நேர், எதிர்) மரபணு எதில் இருக்கிறது, பழைய பெயர்கள், தமிழில் ஒருவரி விளக்கம். பழைய பெயர்களுக்கான நெடுவரிசையை அலட்சியம் செய்யாதீர்கள். இன்று எஸ்எல்சி45ஏ2 எனப்படுவது பழைய கட்டுரைகளில் எம்ஏடிபி என்றும் ஏஐஎம்1 என்றும் வரும். ஓசிஏ2 ஒரு காலத்தில் வெறும் பி மரபணு. தேடுபவர் பழைய பெயரைத் தட்டினாலும் சரியான பக்கம் வர வேண்டும்.

இரண்டாவது அட்டவணை மாறுபாடுகளுக்கு: ஆர்எஸ் எண் (ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் தரப்படும் அடையாள எண்), குரோமோசோமில் இருக்கும் இடம், அந்த இடம் எந்த மேற்கோள் பதிப்பின்படி (எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவாக வைத்திருக்கும் மனித டிஎன்ஏ வரிசையின் எந்தப் பதிப்பு), இரு வடிவங்கள், அவற்றில் எது மூதாதை வடிவம், புரதத்தில் என்ன மாறுகிறது. மூன்றாவது அட்டவணை சான்றுகளுக்கு. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பேசுவோம். பட்டியலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எக்செல்லில் நிரப்பத் தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது சில மரபணுக் குறியீடுகளைத் தேதி என்று எண்ணி மாற்றிவிடும். செப்டம்பர், மார்ச் மாதங்களின் பெயர்போல் இருந்த குறியீடுகள் இப்படி ஆய்வுக் கட்டுரைகளிலேயே சிதைந்து, கடைசியில் 2020-இல் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் குறியீட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. கோப்பைத் திறந்தவுடன் எல்லா நெடுவரிசைகளையும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

மூன்றாம் படி: ஒரு மரபணுவை முழுதாக நிரப்பிப் பாருங்கள்

எஸ்எல்சி24ஏ5-ஐ எடுத்துக்கொள்வோம். இதைவிட நல்ல பயிற்சி மரபணு கிடையாது.

மரபணு அட்டவணையில்: 15-ஆம் குரோமோசோம், நேர் இழை, என்சிபிஐ எண் 283652. தமிழ் விளக்கம்: “நிறமிச் செல்லுக்குள் சோடியம், கால்சியம், பொட்டாசியம் அயனிகளைச் சவ்வுக்கு இருபுறமும் கைமாற்றும் புரதத்துக்கான மரபணு.”

மாறுபாட்டு அட்டவணையில்: ஆர்எஸ்1426654. இந்த இடத்தில் குவானின் இருந்தால் புரதத்தின் 111-ஆவது அமினோ அமிலம் அலனின்; அடினின் இருந்தால் திரியோனின். அடினின் வடிவம் குறைந்த மெலனினோடு தொடர்புடையது. இடம் என்ன? மனித மரபணுத்தொகையின் 37-ஆம் மேற்கோள் பதிப்பில் 48426484. 38-ஆம் பதிப்பில் 48134287. ஒரே எழுத்து, ஒரே இடம், இரண்டு எண்கள். பதிப்பைக் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதியவரின் அட்டவணை இன்னொருவருக்குப் பயன்படாது. 38-ஆம் பதிப்பை உங்கள் அடிப்படையாக வைத்துக்கொண்டு, 37-ஐப் பக்கத்து நெடுவரிசையில் இடுங்கள். பழைய கட்டுரைகளோடு ஒப்பிட அது தேவைப்படும்.

அடுத்த பொறியும் இதே வரியில் இருக்கிறது. தரவுத்தளங்கள் மேற்கோள் வடிவத்தை முதலிலும் மாற்று வடிவத்தை இரண்டாவதாகவும் எழுதும். புதியவர்கள் மேற்கோள் என்றால் ஆதி வடிவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அது தலைகீழ். மேற்கோள் மரபணுத்தொகையில் இந்த இடத்தில் இருப்பது அடினின், அதாவது பின்னால் தோன்றிய வடிவம். மூதாதை வடிவம் குவானின். மேற்கோள் என்பது எவருடைய டிஎன்ஏவை வைத்து வரிசை தொகுத்தார்களோ அவரிடம் என்ன இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. எனவே “மேற்கோள்”, “மூதாதை” இரண்டையும் தனித்தனி நெடுவரிசைகளாக வையுங்கள்.

இனி சான்று வரிகள். இந்த ஒரு மாறுபாட்டுக்கே குறைந்தது நான்கு தேறும்.

முதல் வரி 2005. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் செங் குழுவினர், “கோல்டன்” என்று அழைக்கப்படும் வெளிர்நிற வரிக்குதிரை மீனில் பழுதாகியிருந்த மரபணு இதுதான் என்று கண்டார்கள். மனித மரபணுவின் ஆர்என்ஏவை அந்த மீனின் கருவில் செலுத்தியபோது மீனுக்குக் கருநிறம் திரும்பியது. ஆப்பிரிக்க, ஐரோப்பிய வம்சாவளி கலந்த மக்களிடம் பார்த்து, அந்த இரு குழுக்களுக்கும் இடையிலான மெலனின் வேறுபாட்டில் 25 முதல் 38 விழுக்காட்டை இந்த ஒரு மரபணு விளக்குவதாகக் கணக்கிட்டார்கள்.

இரண்டாம் வரி 2007. பிரிட்டனில் வாழும் தெற்காசிய வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வு. எஸ்எல்சி24ஏ5, எஸ்எல்சி45ஏ2, டிஒய்ஆர் மூன்றும் அவர்களின் நிற வேறுபாட்டோடு தொடர்புடையவை என்று காட்டியது.

மூன்றாம் வரி நமக்கு மிக நெருங்கியது. 2013-இல் எஸ்டோனிய ஆய்வாளர்களும் ஹைதராபாத் செல்–மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இந்தியத் துணைக்கண்டத்தின் தென்பகுதியைச் சேர்ந்த 1,228 பேரின் தோல் நிறத்தைக் கருவியால் அளந்தார்கள். அவர்களுக்குள் இருந்த நிற வேறுபாட்டில் ஏறத்தாழ 27 விழுக்காட்டை இந்த மாறுபாடு விளக்கியது. துணைக்கண்டம் முழுவதிலுமாக 54 இனக்குழுக்களைச் சேர்ந்த 1,573 பேரிடமும் பார்த்தார்கள். அடினின் வடிவம் பரவலாக இருந்தது, ஆனால் குழுவுக்குக் குழு அதன் அளவு பெரிதும் மாறியது. தெற்காசியரிடமும் ஐரோப்பியரிடமும் உள்ள அடினின் வடிவம் ஒரே மூலத்திலிருந்து வந்தது என்பது அவர்கள் கண்ட மற்றொரு முடிவு.

இங்கே நிதானியுங்கள். 2005-இன் 25–38 விழுக்காடும் 2013-இன் 27 விழுக்காடும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடத்தக்கவை அல்ல. முன்னது இரண்டு மக்கள் குழுக்களுக்கு இடையிலான சராசரி வேறுபாட்டின் பங்கு. பின்னது ஒரே மக்களுக்குள் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டின் பங்கு. “விழுக்காடு” என்று ஒரே நெடுவரிசை வைத்திருந்தால் இரண்டும் அதில் சமமாக உட்கார்ந்துகொண்டு படிப்பவரை ஏமாற்றும். “எதன் விழுக்காடு” என்று இன்னொரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும்.

நான்காம் வரி நோய் பற்றியது. இதே மரபணு இரு பிரதிகளிலும் செயலிழந்தால் அல்பினிசத்தின் 6-ஆம் வகை ஏற்படுகிறது. நிற வேறுபாட்டுக்கான சான்றும் நோய்க்கான சான்றும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. ஆனாலும் அவை தனி வரிகளாகவே இருக்கட்டும். இந்த வகை எண்களிலேயே ஒரு சிக்கலும் உண்டு. அல்பினிசத்தின் 5-ஆம் வகைக்கு 4-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி சுட்டப்பட்டிருக்கிறதே தவிர, மரபணு எது என்று அடையாளம் காணப்படவில்லை. உங்கள் அமைப்பு “மரபணு தெரியாது, இடம் மட்டும் தெரியும்” என்ற வரியையும் ஏற்கும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்று: இல்லை என்று சொன்ன முடிவுகளையும் எழுதுங்கள். கிழக்காசியரின் வெளிர்ந்த தோலுக்கு ஆர்எஸ்1426654 காரணமில்லை. அங்கே ஓசிஏ2-இல் உள்ள வேறொரு மாறுபாடு, ஆர்எஸ்1800414, அதில் பங்கு வகிக்கிறது. இந்த “இல்லை” வரியைப் பார்க்கும் மாணவர், வெளிர்நிறம் என்பது உலகில் ஒரே வழியில் வந்ததல்ல என்பதை ஒரு பாடநூலும் இல்லாமல் புரிந்துகொள்வார்.

நான்காம் படி: இழையைச் சரிபாருங்கள்

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கண் நிறத்துக்கும் ஓரளவு தோல் நிறத்துக்கும் பேர்போன ஆர்எஸ்12913832 மாறுபாட்டை நிரப்பிக்கொண்டிருந்தபோது, ஒரு கட்டுரையில் வடிவங்கள் தைமின், சைட்டோசின் என்றிருந்தன. இன்னொன்றில் அடினின், குவானின். இரண்டும் வெவ்வேறு மாறுபாடுகள் என்று எண்ணி இரண்டு வரிகள் போட்டுவிட்டேன். பல வாரங்கள் கழித்து நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. இந்த மாறுபாடு இருக்கும் ஹெர்க்2 மரபணு எதிர் இழையில் எழுதப்பட்டது. ஒரு குழு மரபணுவின் திசையில் படித்திருந்தது. மற்றொரு குழு மேற்கோள் தொகுப்பின் நேர் இழையில் படித்திருந்தது. அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின். இரு குழுக்களும் சொன்னது ஒன்றையேதான்.

தீர்வு எளிது. எல்லா வடிவங்களையும் நேர் இழையில்தான் எழுதுவேன் என்று ஒரு விதி வைத்து, அதை முகப்பிலேயே அறிவியுங்கள். கட்டுரை எப்படி எழுதியிருந்தது என்பதைச் சான்று அட்டவணையில் அப்படியே பதியுங்கள்.

இந்தத் தீர்வுக்கும் மசியாத ஒரு மாறுபாடு எஸ்எல்சி45ஏ2-இல் இருக்கிறது: ஆர்எஸ்16891982. 374-ஆவது அமினோ அமிலம் லியூசினிலிருந்து ஃபினைலலனினாக மாறும் இடம். இதன் இரு வடிவங்கள் சைட்டோசினும் குவானினும். இழையைத் திருப்பினால் சைட்டோசின் குவானினாகும், குவானின் சைட்டோசினாகும்; எழுத்துகளைப் பார்த்து எந்த இழை என்று சொல்லவே முடியாது. இப்படிப்பட்ட மாறுபாடுகளுக்கு மக்கள்தொகையில் அவை எவ்வளவு காணப்படுகின்றன என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நேர் இழையில் குவானின் வடிவம் ஐரோப்பியரிடம் மிகப் பெரும்பான்மை. கிழக்காசியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் அரிது. கட்டுரை தரும் எண் இதற்கு நேர்மாறாக இருந்தால் இழை திரும்பியிருக்கிறது என்று பொருள். கூடவே அமினோ அமிலத்தின் பெயரையும் எழுதிவைத்தால் குழப்பம் வராது. லியூசின் எந்த இழையிலும் லியூசின்தான்.

ஹெர்க்2-க்கு ஒரு நிமிடம் திரும்புவோம். ஆர்எஸ்12913832 அந்த மரபணுவின் உள்ளே இருந்தாலும், அது வேலை செய்வது பக்கத்திலிருக்கும் ஓசிஏ2-இன் மீது. அதன் செயல்பாட்டைக் கூட்டியும் குறைத்தும் வைக்கும் விசைபோல அந்தப் பகுதி இயங்குகிறது. ஆகவே “இருக்கும் மரபணு”, “செயல்படும் மரபணு” என்று இரண்டு நெடுவரிசைகள் வேண்டும். பல பட்டியல்களில் மாறுபாட்டுக்கு மிக அருகிலுள்ள மரபணுவையே காரணமாக எழுதிவிடுகிறார்கள். அருகில் இருப்பது மட்டும் காரணம் ஆகாது.

ஐந்தாம் படி: சான்றைத் தரம் பிரியுங்கள்

சான்று அட்டவணையில் நான் வைத்திருக்கும் நெடுவரிசைகள்: ஆய்வு ஆண்டு, பப்மெட் எண் (ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் அந்தக் கட்டுரைக்கு உள்ள எண்), யாரிடம், எத்தனை பேரிடம், எந்தப் பண்பு, எப்படி அளந்தார்கள், என்ன முறை, விளைவு எந்தப் பக்கம், தரம், பதிந்தவர், பதிந்த தேதி.

“எப்படி அளந்தார்கள்” என்பதில் கறாராக இருங்கள். வெயில் அதிகம் படாத மேற்கையின் உட்புறத்தில் ஒளிப் பிரதிபலிப்புக் கருவியை வைத்து மெலனின் குறியீட்டெண் எடுப்பது ஒரு வகை. சுமார் ஐந்து லட்சம் பேர் பங்கேற்ற பிரிட்டனின் பயோபேங்க் திட்டத்தில், தம் தோல் நிறம் எது என்பதைப் பங்கேற்றவர்களே தேர்ந்தெடுத்துச் சொன்னார்கள். அது வேறொரு வகை. ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாடு என்று ஒன்று அடிக்கடி வரும். அது 1975-இல் புற ஊதா சிகிச்சையின் அளவைத் தீர்மானிப்பதற்காக உருவானது. வெயிலில் தோல் எரிந்து சிவக்கிறதா, கறுக்கிறதா என்பதைக் கேட்பது. அதை நிற அளவீடாக எழுதுவது தவறு. “வெயிலில் கறுக்கும் தன்மை” என்பது தனிப் பண்பு.

“யாரிடம்” என்பதும் அப்படித்தான். வெள்ளையர், ஆசியர், ஆப்பிரிக்கர் என்ற சொற்களை வைத்து நிரப்பாதீர்கள். “போட்ஸ்வானா, எத்தியோப்பியா, தான்சானியாவைச் சேர்ந்த பல இனக்குழுக்கள்” என்று கட்டுரை சொல்வதை அப்படியே எழுதுங்கள். இந்த மூன்று நாடுகளில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வுதான் எம்எஃப்எஸ்டி12-ஐ நம் பட்டியலுக்குக் கொண்டுவந்தது. அதே ஆய்வு, ஆப்பிரிக்கரிடம் கறுத்த தோலோடு தொடர்புடைய மாறுபாடுகள் தெற்காசியரிடமும் மெலனீசியரிடமும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையாக இருப்பதைக் காட்டியது. எஸ்எல்சி24ஏ5-இன் வெளிர்நிற வடிவம் வெளியிலிருந்து கிழக்காப்பிரிக்காவுக்குள் வந்தது என்றும் காட்டியது. “ஆப்பிரிக்கர்” என்று ஒரே சொல்லில் அடைத்திருந்தால் இதில் எதுவுமே உங்கள் பட்டியலில் தெரியாது.

தரத்துக்கு நான்கு எழுத்துகள் போதும். “அ”: மனிதரிடம் தொடர்பு காட்டப்பட்டு, செல்லிலோ விலங்கிலோ செயலும் நிரூபிக்கப்பட்டது. “ஆ”: மனிதரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட குழுவினர் கண்ட தொடர்பு, ஆனால் செயல் விளங்கவில்லை. “இ”: ஒரே ஓர் ஆய்வு. “ஈ”: விலங்கிலோ செல்லிலோ மட்டும். 2023 கிறிஸ்பர் ஆய்வின் புதிய 135 மரபணுக்களைச் சேர்க்கும் நாள் வந்தால், அவற்றில் பெரும்பாலானவை “ஈ”யில் தொடங்கும். அதில் குறைவொன்றுமில்லை. புதிய சான்று வரும்போது தரம் ஏறும்.

ஆறாம் படி: தகவலை எங்கிருந்து எடுப்பது

பெயருக்கு எச்ஜிஎன்சி, மாறுபாட்டுக்கு டிபிஸ்னிப், என்செம்பிள், தொடர்பு ஆய்வுகளுக்கு ஜிவாஸ் கேட்டலாக், நோய்க்கு ஓமிம், கிளின்வார், புரதத்துக்கு யூனிப்ராட். எல்லாமே இலவசமாகப் பார்க்கக்கூடியவை. ஆனால் இலவசமாகப் பார்ப்பது வேறு, எடுத்து மறுபடி வெளியிடுவது வேறு. ஓமிமின் விளக்கங்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பதிப்புரிமை கொண்டவை. எண்ணைக் கொடுத்து இணைப்புத் தருவதோடு நில்லுங்கள், விளக்கத்தை உங்கள் சொற்களில் எழுதுங்கள். என்சிபிஐயிடம் நிரல் மூலம் தகவல் கேட்பதானால் நொடிக்கு மூன்று கோரிக்கைகளுக்கு மேல் போகக் கூடாது. இலவசச் சாவி ஒன்று வாங்கிக்கொண்டால் பத்து வரை அனுமதி உண்டு. பன்னிரண்டு மரபணுவுக்கு நிரலே வேண்டாம், கையாலேயே எடுங்கள். கையால் எடுக்கும்போதுதான் கண் பழகும்.

மக்கள்தொகை அளவுகளுக்கு 1000 மரபணுத்தொகைத் திட்டம் இருக்கிறது. 26 மக்கள் குழுக்கள், 2,504 பேர். அதில் “ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்” என்று ஒரு குழு உண்டு, 102 பேர். நம் மக்களின் எண்களைப் பார்க்கும்போது உற்சாகம் வருவது இயல்பு. ஆனால் அந்தத் திட்டத்தில் யாருடைய தோல் நிறமும் அளக்கப்படவில்லை. அது பரவலைச் சொல்லும், விளைவைச் சொல்லாது. எனவே அந்த எண் மாறுபாட்டு அட்டவணைக்குப் போக வேண்டும். சான்று அட்டவணையில் அதற்கு இடமில்லை.

ஏழாம் படி: சொற்கள்

தமிழ் விளக்கம் எழுதும்போது என் மனம் மிகவும் கவனமாக இருப்பது இங்கேதான். மணமகள் தேவை விளம்பரத்தில் “நல்ல நிறம்” என்று எழுதிப் பழகிய மொழி நம்முடையது. வெளிர்ந்த தோலைச் “சிவப்பு” என்றும், குழந்தை பிறந்தவுடன் “நிறமாக இருக்கிறதா” என்றும் கேட்கும் வீடுகளில் வளர்ந்திருக்கிறோம். அந்தச் சொற்கள் ஒன்றுகூட உங்கள் பட்டியலில் நுழையக் கூடாது. “அதிக மெலனின்”, “குறைந்த மெலனின்” என்று எழுதுங்கள். எஸ்எல்சி24ஏ5-ஐ “வெள்ளைத் தோல் மரபணு” என்றோ, மூதாதை வடிவத்தைப் “பழமையான வடிவம்” என்றோ எழுதாதீர்கள். மாறிய வடிவத்தை “முன்னேறிய” என்பதும் பிழை. அல்பினிசம் உள்ளவரை “அல்பினிசம் உள்ளவர்” என்றே சொல்லுங்கள். வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. “குஷ்டம்” என்று முடியும் பழைய சொல்லைத் தேடல் பெட்டியில் யாராவது தட்டினால், சரியான சொல் உள்ள பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

பட்டியல் வெளியானதும் சிலர் எழுதுவார்கள்: என் மரபணுக் கோப்பை அனுப்புகிறேன், பிறக்கப்போகும் குழந்தையின் நிறம் சொல்ல முடியுமா என்று. எவருடைய கோப்பையும் படத்தையும் வாங்காதீர்கள். தடயவியலுக்காக உருவான ஹிரிஸ்பிளெக்ஸ்-எஸ் என்ற முறை கண், முடி, தோல் மூன்றுக்குமாக 41 மாறுபாடுகளைப் பார்க்கிறது. அதுவும் சில பிரிவுகளுக்கான நிகழ்தகவைத்தான் தருகிறது. உங்கள் பட்டியல் ஒரு தனி மனிதரின் நிறத்தைக் கணிப்பதற்கானதல்ல என்ற வாக்கியத்தை ஒவ்வொரு மரபணுப் பக்கத்திலும், கண்ணில் படும் இடத்தில், வையுங்கள்.

எட்டாம் படி: இணையத்தில் ஏற்றுவது

இது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். மூன்று அட்டவணைகளையும் சிஎஸ்வி கோப்புகளாக (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்புகளாக) சேமித்து, எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். டேட்டாசெட் (Datasette) என்ற திறமூல மென்பொருள் அந்தத் தரவுத்தளத்தைத் தேடல் வசதியோடு இணையப் பக்கமாக்கித் தரும். நிரல் எழுதவே வராது என்றால், கோப்புகளைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அவற்றை வைத்தாலும் அங்கேயே அட்டவணையாகத் தெரியும்.

ஒவ்வொரு மரபணுவுக்கும் நிலையான முகவரி வேண்டும். அந்த முகவரியைக் குறியீட்டை வைத்து அமைக்காதீர்கள், எச்ஜிஎன்சி எண்ணை வைத்து அமையுங்கள். குறியீடு மாறும், எண் மாறாது. எந்த உரிமத்தில் பகிர்கிறீர்கள் என்பதை முகப்பில் எழுதுங்கள். பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இதற்குப் பொருத்தம். ஆண்டுக்கு இருமுறை முழுத் தொகுப்பையும் ஆய்வுத் தரவுகளைச் சேமிக்கும் ஸெனோடோ தளத்தில் ஏற்றினால், அந்தப் பதிப்புக்கென்று மேற்கோள் காட்டத்தக்க நிரந்தர எண் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: இருவர் கண், ஒரு பதிவேடு

வெளியிடும் முன் பன்னிரண்டு மரபணுக்களையும் இன்னொருவரிடம் கொடுத்து, உங்கள் அட்டவணையைக் காட்டாமல் அதே கட்டுரைகளிலிருந்து மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கேயெல்லாம் ஒன்று தவறு இருக்கும், அல்லது விதி தெளிவில்லாமல் இருக்கும். பப்மெட்டில் உங்கள் தேடலைச் சேமித்துவைத்தால் புதிய கட்டுரைகள் மின்னஞ்சலில் வரும். மாதம் ஒருநாள் அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

தவறான வரியை ஒருபோதும் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். அதை வேறு யாராவது ஏற்கெனவே எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம். “திரும்பப் பெறப்பட்டது” என்று குறித்து, காரணத்தையும் தேதியையும் சேர்த்து, திருத்தப் பதிவேட்டில் இடுங்கள். என் பதிவேட்டின் முதல் குறிப்பு இன்றும் அப்படியே இருக்கிறது: “ஹெர்க்2, ஆர்எஸ்12913832. தைமின்/சைட்டோசின் என்ற வரி திரும்பப் பெறப்பட்டது. எதிர் இழையில் படித்த அதே மாறுபாடு. இதன் கீழ் இருந்த சான்றுகள் அடினின்/குவானின் வரிக்கு மாற்றப்பட்டன. சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.”